பால் கணக்கில் தொடங்கிய பைத்தான் பாடம்

பைத்தான் என்றதும் மலைப்பாம்பு ஞாபகத்துக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை, சகோதரிகளே. நான் சொல்ல வந்த பைத்தான், கம்ப்யூட்டருக்கு நாம் வேலை சொல்ல உதவும் ஒரு பாஷை. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் உருவாக்கி 1991-ல் வெளியிட்டார். பி.பி.சி. டெலிவிஷனில் முன்பு வந்த 'மான்ட்டி பைத்தான்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரைத்தான் அவர் தன் பாஷைக்கு வைத்தார். பாம்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்தப் பாஷையில் வெப் பக்கங்கள் தயாரிப்பதற்கு 'ஃப்ரேம்வொர்க்' என்று ஒரு வசதி இருக்கிறது. கல்யாண மண்டபம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடுப்பு, அண்டா, தண்ணீர்க் குழாய், சாப்பாட்டு மேஜை எல்லாம் அங்கேயே இருக்கும். என்ன சமையல் என்பது மட்டும்தான் நம் பொறுப்பு. பார்க்க வருகிறவர் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்று பிரித்துப் பார்ப்பது, கேட்டதை நம் புரோகிராமிடம் சேர்ப்பது, பதிலைத் திருப்பி அனுப்புவது என்று எடுபிடி வேலை அத்தனையும் ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்.

பைத்தானில் இப்படிப் பிரபலமானவை இரண்டு. ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், அவசர அவசரமாக வெப் பக்கங்கள் தயாரிக்க வேண்டியிருந்ததால் தங்களுக்கென்று செய்துகொண்டது. 2005-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். மற்றொன்று ஃபிளாஸ்க். இது பிறந்த கதை வேடிக்கை. 2010 ஏப்ரல் முதல் தேதி, ஆர்மின் ரோனாகர் என்ற ஆஸ்திரியாக்காரர் முட்டாள்கள் தினக் கேலியாக ஒரு பொய் ஃப்ரேம்வொர்க்கை வெளியிட்டார். அதைப் பலர் நிஜமென்றே எடுத்துக்கொள்ள, அந்தக் கேலியிலிருந்து உண்மையாகவே முளைத்ததுதான் ஃபிளாஸ்க்.

ஜாங்கோ மாடியும் தோட்டமுமாகக் கட்டிய வீடு. ஃபிளாஸ்க் ஒற்றை அறை, ஒரு அடுப்பு. புதிதாகக் குடித்தனம் ஆரம்பிப்பவருக்கு எது லாயக்கு என்று கேட்டால், நான் ஒற்றை அறையைத்தான் சொல்வேன். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று காலேஜில் படிக்கும் என் பெண்ணே கேட்டாள். காரணம் இருந்தது. என் நாத்தனார் மகளின் கைக்குழந்தைக்கு மூன்றாவது தடுப்பூசி என்றைக்கு என்பதில் வீட்டில் மூன்று பேர் மூன்று தேதி சொன்னார்கள். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் கணக்கை ஒரு பக்கமாகச் செய்து, பிறந்த தேதியைக் கொடுத்தால் ஊசித் தேதிகள் வந்து விழுகிற மாதிரி பண்ண வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் குழந்தையின் ஊசித் தேதி விளையாட்டு இல்லை. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தப்பானாலும் யாருக்கும் நஷ்டமில்லாத சின்னச் சின்னப் புரோகிராம்களாக எழுதிப் பழகினேன்.

பாடப் புத்தகங்களிலும் சிறு உதாரணங்கள் இருக்கின்றன. ஜாங்கோவோடு வரும் பாடம் ஓட்டுப் போடும் பக்கம் ஒன்றைச் செய்யச் சொல்லும். நல்ல பாடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் வரும் விடை சரியா தப்பா என்று நமக்கு மனசில் உறைக்காது. நம் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால், விடை ஏற்கனவே நோட்டில் இருக்கும். திரையில் வந்தது நோட்டோடு ஒத்துப் போகாவிட்டால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஆகவே, விடை தெரிந்த கணக்கையே எடுத்துப் பழகுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலீஷ் நிறைய வேண்டுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தமே 35. அதிலும் தினசரி புழங்குவது பத்துப் பன்னிரண்டுதான். மீதிப் பெயர்களையெல்லாம் நாமே வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம். 'பால் = 2' என்று தமிழ் எழுத்தில் எழுதினால் பைத்தான் மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். எனக்கு இது பெரிய தைரியம் கொடுத்தது.

முதல் புரோகிராம் ஐந்தே வரிகள். முதல் வரியில் ஃபிளாஸ்க்கை வரவழைக்கிறோம். இரண்டாவதில் அதற்கு 'ஆப்' என்று பெயரிட்டு நிறுத்துகிறோம். மூன்றாவது வரி '@' என்ற குறியோடு தொடங்கும். வாசலில் வந்து நிற்பவருக்கு யார் போய்ப் பதில் சொல்வது என்று அதில் இருக்கும். நான்காவது வரியில் 'டெஃப்' என்று எழுதி, பதில் சொல்லும் ஆளின் பெயர். ஐந்தாவது வரியில் 'ரிட்டர்ன்' என்று எழுதி, அவர் சொல்ல வேண்டிய பதில். இந்த ஐந்தாவது வரியை மட்டும் நான்கு இடம் தள்ளி எழுத வேண்டும். பைத்தானில் இப்படித் தள்ளி எழுதுவது அழகுக்காக அல்ல. எந்த வரி எதற்குள் அடக்கம் என்பதே அதை வைத்துத்தான். நான் பதிலாக 'வாங்க, உட்காருங்க' என்று எழுதினேன்.

'ஃபிளாஸ்க் ரன்' என்று ஆணையிட்டுவிட்டு, பிரௌசரில் 127.0.0.1:5000 என்று விலாசம் கொடுத்தால் 'வாங்க, உட்காருங்க' என்று பக்கம் வருகிறது! 127.0.0.1 என்றால் 'இதே கம்ப்யூட்டர்' என்று அர்த்தம், 5000 என்பது கதவு நம்பர். இன்டர்நெட் இணைப்பு இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஃபிளாஸ்க்கை ஒருமுறை இறக்கிக்கொள்ளத்தான் இணைப்பு தேவை. விலாசத்தின் கடைசியில் பெயரைச் சேர்த்தால் பெயர் சொல்லி வரவேற்கும்படி அடுத்த நாள் மாற்றினேன். அன்று சாயங்காலம் வீட்டில் அத்தனை பேருக்கும் தனித்தனி வரவேற்பு.

அடுத்தது பால் கணக்கு. தினம் எத்தனை பாக்கெட் என்று ஒரு கட்டத்தில் எழுதி பட்டனை அழுத்தினால் மாதக் கணக்கு வர வேண்டும். அரை லிட்டர் பாக்கெட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு பாக்கெட்டாக 27 நாள், ஊருக்குப் போன மூன்று நாள் பால் வேண்டாம், பண்டிகைக்கு நாலு பாக்கெட் அதிகம். 1,080-ம் 80-ம் 1,160 ரூபாய். இது நமக்கு வாயாலேயே வரும் கணக்கு. ஆனால் இந்தச் சின்னக் கணக்குக்குள் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள்.

கட்டத்தில் நாம் எழுதும் 2, புரோகிராமுக்கு எண்ணாகப் போய்ச் சேருவதில்லை, எழுத்தாகத்தான் போகிறது. எழுத்து 2-ஐ 20-ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தான் 40 என்று சொல்லாது. இரண்டு இரண்டாக இருபது தடவை வரிசையாக எழுதிக் காட்டும்! அது நாம் கேட்டதைத்தான் செய்கிறது. 'இன்ட்' என்ற சொல்லால் முதலில் அதை எண்ணாக மாற்றிக்கொண்டு பிறகு பெருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம், பக்கத்தை அழகாகக் காட்டுவது. ரசீது புத்தகத்தில் வாசகம் அச்சடித்திருக்கும், பெயருக்கும் தொகைக்கும் மட்டும் காலி இடம் விட்டிருக்கும் அல்லவா? அதே மாதிரி, மாறாத வாசகத்தை ஒரு ஃபைலில் எழுதி, மாறும் இடத்தில் இரட்டை வளைவுக் குறி போட்டுவிட்டால் போதும். ஃபிளாஸ்க்கோடு வரும் 'ஜின்ஜா' என்ற சாதனம் அந்த இடங்களை நிரப்பிக் கொடுக்கும். ஜின்ஜா என்றால் ஜப்பானிய மொழியில் கோயிலாம். இந்த மாதிரி ஃபைலுக்கு இங்கிலீஷில் டெம்ப்ளேட் என்று பெயர், கோயிலுக்கு டெம்பிள். அந்த ஒலி ஒற்றுமைக்காக வைத்த பெயர்! ஜின்ஜாவிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. யாராவது கட்டத்தில் விஷமமாகப் புரோகிராம் வரிகளை எழுதி வைத்தாலும், அதை வெறும் எழுத்தாகவே காட்டும். ஓட விடாது.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். பட்டனை அழுத்திப் பாலைப் பதிவு செய்த பிறகு, பக்கத்தை மறுபடி 'ரீஃப்ரெஷ்' செய்தால் அதே இரண்டு பாக்கெட் இன்னொரு தடவை பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. பால்காரருக்கு லாபம், நமக்கு நஷ்டம். இதற்குப் பரிகாரம், பதிவு முடிந்ததும் ஃபிளாஸ்க்கின் 'ரீடைரக்ட்' மூலம் பிரௌசரை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுவது. சாமானை வாங்கிக்கொண்டதும் கவுன்ட்டரை விட்டு நகரச் சொல்வது போல. அப்புறம் எத்தனை தடவை ரீஃப்ரெஷ் செய்தாலும் கணக்கு மாறாது.

இவ்வளவும் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் முதல் நாள் பதிவு ஒன்றும் இருக்காது. புரோகிராமின் ஞாபகம் அது ஓடுகிற வரைக்கும்தான். நிரந்தரமாக எழுதி வைக்க நோட்டுப் புத்தகம் வேண்டும். அதற்கு 'எஸ்.க்யூ.லைட்' என்று ஒன்று பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. முழுக் கணக்கும் ஒரே ஃபைலில் அடக்கம். அதில் எழுதும்போது ஒரு ஒழுங்கு உண்டு. கட்டளையில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கட்டளையையும் கட்டத்தில் வந்ததையும் ஒட்டுப்போட்டு ஒரே வாக்கியமாக்கினால், கெட்ட எண்ணம் உள்ளவர்கள் கட்டத்தின் வழியாகவே நம் கணக்கை அழித்துவிட முடியும். ஆரம்பத்திலிருந்தே கேள்விக்குறிப் பழக்கம் வந்துவிட்டால் நல்லது.

பால் கணக்கு என் நோட்டோடு ஒரு மாதம் பைசா பிசகாமல் ஒத்துப் போன பிறகுதான் ஊசிக் கணக்கைக் கையில் எடுத்தேன்.

இப்போது அந்தக் கதை. குழந்தை பிறந்தது 2025 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி, போலியோ சொட்டு மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே ஆகிவிட்டன. அடுத்து 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா, மூளைக் காய்ச்சல் போன்றவை என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. எங்கள் பக்கம் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது புதன்கிழமை. முதல் ஊசி பிப்ரவரி 19-ல் ஆனது. இரண்டாவது மார்ச் 19-ல் போட்டிருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய மாமனாருக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைச்சல். ஏப்ரல் 2-ம் தேதிதான் போட முடிந்தது.

மூன்றாவது எப்போது? முதலில் குறித்த கணக்குப்படி ஏப்ரல் 16-தான் என்றார் அவள் மாமியார். நடுவில் தள்ளிப் போனதால் முதலிலிருந்து மூன்றையும் மறுபடி போட வேண்டும் என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "ஒண்ணுமே புரியல அத்தை" என்று போனில் அழாத குறையாகச் சொன்னாள் அவள். சுகாதாரச் செவிலியரிடம் கேட்டதில் இரண்டுமே இல்லை என்று தெரிந்தது. தள்ளிப் போய்விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே குறைந்தது நாலு வாரம் இருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் 2-லிருந்து 28 நாள் தள்ளி, ஏப்ரல் 30. ஏப்ரல் 16 என்றால் இடைவெளி இரண்டே வாரம். திருப்பி அனுப்பியிருப்பார்கள், வெயிலில் கைக்குழந்தையோடு ஒரு வீண் அலைச்சல்.

செவிலியர் வாயால் சொன்ன இந்த விதியைப் பைத்தானுக்குச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன். பைத்தானில் தேதிகளைக் கூட்டலாம். பிறந்த தேதியோடு 14 வாரத்தைக் கூட்டு, இரண்டாவது ஊசி போட்ட தேதியோடு 4 வாரத்தைக் கூட்டு, இரண்டில் எது பிந்தியதோ அதை எடுத்துக்கொள். 'மேக்ஸ்' என்ற ஒரு சொல் அந்தப் பிந்திய தேதியைப் பொறுக்கித் தருகிறது. மூன்று பேர் வாதாடிய விஷயம் ஒரே வரியில் முடிந்தது.

புதன்கிழமைக்குக் கொண்டுபோவதற்கும் ஒரு வரிதான். பைத்தான் கணக்கில் திங்கள் 0, செவ்வாய் 1, புதன் 2, வெள்ளி 4. புதனுக்கு உரிய 2-லிருந்து, வந்த கிழமையின் எண்ணைக் கழித்து, 7-ஆல் வகுத்து மீதியை எடுத்தால், எத்தனை நாள் தள்ள வேண்டும் என்று வரும். வெள்ளிக்கிழமையானால் 2-ல் 4 போக, மைனஸ் 2. அதை 7-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. கடிகார முள்ளைப் பின்னால் இரண்டு தள்ளுவதும், முன்னால் ஐந்து தள்ளுவதும் ஏழு நாள் சக்கரத்தில் ஒன்றுதானே! வெள்ளியிலிருந்து ஐந்து நாள் தள்ளிப் புதன். புதன்கிழமையே வந்தால் மீதி 0, தேதி அப்படியே நிற்கும்.

வாரக் கணக்கு இப்படி லகுவாக முடிந்தது. மாதக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும். பைத்தானில் நாள், வாரம் என்று கூட்டலாமே தவிர, மாதம் என்று நேரடியாகக் கூட்ட முடியாது. மாதத்துக்கு 28-ம் உண்டு, 31-ம் உண்டு, எதை வைத்துக் கூட்டும் பாவம்! மாத எண்ணை மாற்றித்தான் தேதி செய்ய வேண்டும். அதிலும் மே 31-ல் பிறந்த குழந்தைக்கு ஒன்பது மாதம் கழித்து பிப்ரவரி 31 வரும். அப்படி ஒரு நாளே கிடையாது என்று பைத்தான் புரோகிராமையே நிறுத்திவிடும். அந்த மாதிரி சமயத்தில் மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும்படி 'இஃப்' போட்டு ஒரு வழி சொல்லி வைத்தேன்.

எங்கள் தெருவில் நாலு குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளைக் கேட்டு வாங்கி, பிறந்த தேதியையும் ஊசி போட்ட தேதிகளையும் கொடுத்துப் பார்த்தேன். அட்டையில் செவிலியர் எழுதியிருந்த அடுத்த தேதிகளோடு ஒத்துப் போன பிறகுதான் நாத்தனார் மகளுக்குக் காட்டினேன். இப்போது அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து பீரோக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் ஞாபகப்படுத்தத்தான். என் புரோகிராமுக்கு அரசு விடுமுறை தெரியாது, குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் தெரியாது. ஒவ்வொரு ஊசிக்கும் சொட்டு மருந்துக்கும் தனித்தனி வயது வரம்பு உண்டு, இடத்துக்கு இடம் கூடுதல் ஊசிகளும் உண்டு. தடுப்பூசி அட்டையும் செவிலியர் வார்த்தையுமே முடிவானவை. திரையில் வரும் தேதிக்குக் கீழே இதை ஒரு வரியாகவே எழுதிவிட்டேன். அட்டையைக் கிழிசலில்லாமல் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

இன்னொரு எச்சரிக்கை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ஊசி விவரம் எல்லாம் நம் வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயங்கள். 'ஃபிளாஸ்க் ரன்' என்று ஓடுவது நாம் எழுதிப் பழகுவதற்கான ஏற்பாடுதான், ஊருக்குத் திறந்து வைக்க அல்ல. அதைச் சொன்னதும் சொல்லாததுமாகத் திரையிலேயே எச்சரிக்கை வரி வரும், படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பிழை கண்டுபிடிக்க 'டிபக்' என்ற நிலை உண்டு. நாம் தனியாக உட்கார்ந்து பழகும்போது அது நல்ல துணை. வெளியார் எட்டக்கூடிய இடத்தில் அதைப் போட்டு வைத்தால், நம் கம்ப்யூட்டரில் அவர்கள் இஷ்டத்துக்குப் புரோகிராம் ஓட்ட வழி கொடுத்ததாகிவிடும்.

செலவு என்று பார்த்தால் பைத்தான், ஃபிளாஸ்க், எஸ்.க்யூ.லைட் எல்லாம் இலவசம். புதுக் கம்ப்யூட்டரும் வேண்டாம். என் பெண் ஒதுக்கிய பழைய லேப்டாப்பில்தான் என் வேலை நடக்கிறது. மத்தியானம் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை எனக்கு நேரம். கைக்குழந்தைக்காரர்களுக்கு அவ்வளவு கிடைக்காது. குழந்தை தூங்கும் அரை மணியில் ஒரு வரி எழுதி ஓட்டிப் பார்த்தாலும் போதும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். நாலு இடத்தை மாற்றிவிட்டு ஓட்டினால், எது கெடுத்தது என்று தேடுவதற்கே பொழுது போய்விடும். பிழை வந்தால் திரையில் பத்து இருபது வரி இங்கிலீஷ் கொட்டும். மிரள வேண்டாம், கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த வரியில் என்று எண்ணும் போட்டிருக்கும்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது இரவல் கணக்கு. எந்தச் சாமான், யார் வீட்டுக்கு, என்று போனது, என்று திரும்பியது என்று நாலு பத்தி. திரும்பி வராதவை மட்டும் பக்கத்தின் மேலே சிவப்பில் வரும். இன்றைய தேதிக்குச் சிவப்பில் நிற்பவை முறுக்கு அச்சு ஒன்று, பெரிய இட்லித் தட்டு இரண்டு, போன ஆடியில் போன ஒரு ஏணி.